குப்பைப் பையின் விலை

குப்பையை அள்ளிச் செல்வதற்கு யார் யாருக்குப் பணம் தர வேண்டும்? கேள்வி விந்தையாகத் தோன்றலாம். வீட்டுக்காரர் தர வேண்டும், இல்லையேல் அவர் கட்டும் வரியிலிருந்து நகராட்சி தர வேண்டும் என்றுதான் இன்று எவரும் விடை கூறுவர். ஆனால் ஏறத்தாழ 200 ஆண்டுகளுக்கு முன் லண்டன் மாநகரில் நிலைமை நேர்மாறாக இருந்தது. குப்பை அள்ளும் ஒப்பந்தக்காரர்கள்தாம் வட்டார நிர்வாகங்களுக்குப் பணம் கட்டி, வீடு வீடாகச் சென்று குப்பை எடுக்கும் உரிமையைப் பெற்றனர்.

அதற்குக் காரணம் சாம்பல். அக்கால லண்டன் வீடுகளில் அடுப்பும் கணப்பும் நிலக்கரியால் எரிந்தன. ஆகவே வீட்டுக் குப்பையில் பெரும்பகுதி நிலக்கரிச் சாம்பலே. பெரிய முற்றங்களில் அதை மலைபோல் குவித்துப் பெண்களும் சிறுவர்களும் சல்லடையால் சலித்தனர். பொடிச் சாம்பலைச் செங்கல் அறுப்போர் வாங்கிக் களிமண்ணோடு கலந்தனர். அரைகுறையாக வெந்த கரித்துண்டுகள் செங்கல் சூளைக்கு எரிபொருளாயின. எலும்பு, கந்தல், பழைய இரும்பு என எல்லாவற்றுக்கும் வாங்குவோர் இருந்தனர். சார்லஸ் டிக்கன்ஸ் 1864-65-ல் தொடராக வெளியிட்ட ‘எங்கள் பொது நண்பர்’ என்ற நாவலில் வரும் பெருஞ்செல்வம் இத்தகைய சாம்பல் மேடுகளிலிருந்து திரண்டதுதான். அது வெறும் கற்பனையன்று. அத்தகைய செல்வர்கள் லண்டனில் வாழ்ந்தனர்.

பின்னர் சாம்பலின் விலை சரிந்தது. பணம் எதிர்த்திசையில் பாயத் தொடங்கிற்று. நிர்வாகம் ஒப்பந்தக்காரருக்குக் கொடுக்க வேண்டியதாயிற்று. பண்டமாக இருந்த குப்பை சுமையாகிவிட்டது. அந்தச் சுமையின் செலவை மக்களிடையே எப்படிப் பங்கிடுவது, பங்கிடும் முறையைக் கொண்டே குப்பையைக் குறைக்க முடியுமா என்ற கேள்விகள் அதன் பின்னரே எழுந்தன.

பெயரைத் தொட்டிக்குக் கொடுத்தவர்

முதலில் பாரிஸ் நகரத்தைப் பார்ப்போம். அந்நகரம் அடங்கிய சேன் மாவட்டத்தின் ஆட்சித் தலைவராக இருந்தவர் யூஜீன் பூபெல். வீட்டுக் குப்பையைத் தெருவில் கொட்டக் கூடாது, ஒவ்வொரு கட்டட உரிமையாளரும் மூடியுள்ள தொட்டிகளைக் குடியிருப்போருக்கு வாங்கித் தர வேண்டும் என்று 1883 நவம்பரில் அவர் ஆணையிட்டார். 1884 ஜனவரியில் அது நடைமுறைக்கு வந்தது. தொட்டியும் ஒன்றன்று. அழுகும் பொருளுக்கு ஒன்று. காகிதத்துக்கும் துணிக்கும் ஒன்று. உடைந்த பீங்கான், கண்ணாடி, சிப்பி ஓடு ஆகியவற்றுக்கு ஒன்று. பாரிஸ் மக்கள் சிப்பியை விரும்பி உண்பவர்களாதலால் அதன் ஓட்டுக்கும் இடம் ஒதுக்க வேண்டியிருந்தது! தரம் பிரித்துப் போடுவதை நம் காலத்துப் புதுமை என்று எண்ணுவோர் இந்த ஆணையை நினைவில் கொள்ள வேண்டும்.

எதிர்ப்பு இரு பக்கமிருந்தும் கிளம்பிற்று. தொட்டிச் செலவு தம் தலையில் விழுந்ததே என்று கட்டட உரிமையாளர்கள் முறையிட்டனர். அதைவிடப் பெரிய கூக்குரல் கந்தல் பொறுக்குவோரிடமிருந்து வந்தது. இரவில் தெருக் குவியல்களைக் கிளறி, கந்தலும் காகிதமும் எலும்பும் பொறுக்கி விற்று வாழ்ந்த ஏழை மக்கள் அவர்கள். குப்பை மூடிக்குள் போய்விட்டால் அவர்கள் பிழைப்பு என்னாவது? செய்தித்தாள்கள் அவர்கள் சார்பில் எழுதின. இறுதியில், வண்டி வருமுன் ஒரு துணியை விரித்து அதன்மேல் தொட்டியைக் கவிழ்த்துப் பொறுக்கிக்கொள்ளலாம் என்று விட்டுக்கொடுக்க வேண்டியதாயிற்று. மூன்று தொட்டித் திட்டமோ சரிவரக் கடைப்பிடிக்கப்படவில்லை. ஆத்திரத்தில் மக்கள் தொட்டிக்கே ஆட்சித் தலைவரின் பெயரைச் சூட்டினர். இன்றும் பிரெஞ்சு மொழியில் குப்பைத் தொட்டிக்குப் ‘பூபெல்’ என்றே பெயர்.

பூபெலின் ஆணை குப்பையை ஒழுங்குபடுத்தியதேயன்றிக் குறைக்கவில்லை. குறைப்பதற்கான தூண்டுதல் எதுவும் அதில் இல்லை.

அளவுச் சாப்பாடும் முழுச் சாப்பாடும்

பெரும்பாலான நகரங்களில் குப்பைச் செலவு வீட்டு வரியோடு சேர்ந்தோ, வீட்டின் பரப்புக்கு ஏற்பவோ, மாதம் இவ்வளவு என்றோ வசூலிக்கப்பட்டு வந்தது. இதன் விளைவை நம் ஊர் ஓட்டலை வைத்தே விளக்கலாம். முழுச் சாப்பாட்டுக்குச் சீட்டு வாங்கியவர் இன்னும் ஒரு கரண்டி சோறு கேட்கத் தயங்குவதில்லை; அந்தக் கரண்டிக்குத் தனியாகக் காசு இல்லை. அளவுச் சாப்பாடு வாங்கியவரோ கூடுதலாகக் கேட்குமுன் விலையை நினைப்பார். வீட்டு வரியில் அடங்கிய குப்பைக் கட்டணம் முழுச் சாப்பாட்டைப் போன்றது. தினம் ஒரு கூடை போடுபவரும் மூன்று கூடை போடுபவரும் அதே தொகையைக் கட்டுகின்றனர். சிக்கனமாக இருப்பவர், ஊதாரியின் செலவில் ஒரு பகுதியைத் தாம் சுமக்கிறார்.

இதனை மாற்றி, போடும் அளவுக்கு ஏற்பக் கட்டணம் என்ற முறையைச் சில ஊர்கள் முயன்று பார்த்தன. சுவிட்சர்லாந்தின் சாங்க்ட் காலன் நகரம் 1975-ல் பைக் கட்டணத்தைக் கொண்டுவந்தது. அமெரிக்காவின் சியாட்டில் நகரத்தில் 1981 முதல், வீட்டுக்கு எத்தனை தொட்டி என்பதற்கு ஏற்பக் கட்டணம் ஏறியது. அந்நகரத்தின் இரண்டு குப்பைப் புதைகாடுகளும் அந்தப் பத்தாண்டிலேயே மூடப்பட்டு, குப்பையை வேறிடத்துக்கு அனுப்பும் செலவு உயரவே, கட்டணமும் ஏறியது. தொடக்கத்தில் வீட்டுக்குச் சராசரியாக மூன்று தொட்டிகளுக்கு மேல் வைத்திருந்த மக்கள், சில ஆண்டுகளில் இரண்டுக்கும் கீழே வந்துவிட்டனர்.

மூன்று இரண்டுக்கும் கீழே வந்ததென்றால் குப்பையும் அதே விகிதத்தில் குறைந்தது என்றல்லவா கணக்கிடத் தோன்றும்? அங்கேதான் ஒரு சூது இருந்தது. மக்கள் தொட்டிக்குள் ஏறி நின்று மிதித்தனர்! ‘சியாட்டில் மிதி’ என்று அதற்கு ஒரு செல்லப் பெயரே ஏற்பட்டது. கட்டணம் கொள்ளளவுக்குத்தான், எடைக்கு அன்று. ஆகவே எடையைக் குறைக்காமலேயே கட்டணத்தைக் குறைத்துக்கொள்ள வழி கண்டனர்.

இந்த மிதியை முறையாக அளந்து பார்த்தவர்கள் டான் ஃபுல்லர்ட்டன், தாமஸ் கின்னமன் என்ற இரு பொருளியலார். விர்ஜினியா மாநிலத்தில் சார்லட்ஸ்வில் என்ற சிறு நகரம் 1992 ஜூலை முதல் ஒவ்வொரு குப்பைப் பைக்கும் 80 சென்ட் விலையுள்ள ஒட்டுச்சீட்டை ஒட்ட வேண்டும் என்று விதித்தது. பையின் கொள்ளளவு ஏறக்குறைய 120 லிட்டர். இவ்விருவரும் சம்மதம் பெற்ற 75 வீடுகளின் குப்பையைக் கட்டணம் வருவதற்கு முன் நான்கு வாரமும், வந்த பின் நான்கு வாரமும் எடைபோட்டனர். ஆராய்ச்சி என்றால் வெள்ளைச் சட்டையும் கண்ணாடிக் குடுவையும் என்று நினைப்பவர்களுக்கு, விடியற்காலையில் அயல்வீட்டுக் குப்பையைத் தராசில் தூக்கி வைக்கும் ஆராய்ச்சியும் உண்டு என்று சொல்லத் தோன்றுகிறது.

முடிவுகள் 1996-ல் வெளியாயின. குப்பையின் கொள்ளளவு 37 சதவீதம் குறைந்திருந்தது. எடையோ 14 சதவீதமே குறைந்தது. கணக்குப் போட்டுப் பார்த்தால், ஒரு பைக்குள் அடைபட்ட எடை மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் கூடியிருந்தது என்பது புலனாகும். மறுபயனுக்காகத் தனியே கொடுத்த காகிதம், கண்ணாடி முதலியவற்றின் எடை 16 சதவீதம் உயர்ந்தது. அது நல்ல செய்தி. ஆனால் குறைந்த குப்பையில் 28 சதவீதம் வரை முறைகேடான வழியில், அதாவது பிறர் தொட்டியிலோ புதர் மறைவிலோ, போயிருக்கலாம் என்றும் அவர்கள் மதிப்பிட்டனர். ஒட்டுச்சீட்டை அச்சிட்டு விற்றுக் கண்காணிக்கும் செலவைப் பார்த்தால் இந்தச் சிறு ஊரில் இத்திட்டம் ஆதாயமா என்றே அவர்கள் ஐயுற்றனர்.

ஆக, கட்டணம் விதித்தால் எது அளக்கப்படுகிறதோ அது குறைகிறது. அளக்கப்படாதது குறைவதில்லை, இடம் மாறுகிறது, அவ்வளவே. எந்த இடத்துக்கு மாறுகிறது என்பதைப் பொறுத்தே திட்டத்தின் வெற்றியும் தோல்வியும் அமைகின்றன. இதனை ஒரு நாடு முழுவதிலும் சோதித்துப் பார்த்தவர்கள் கொரியர்கள்.

நான்ஜிதோ

தென் கொரியாவின் தலைநகரான சியோலை ஊடுருவி ஓடும் ஹான் ஆற்றில் நான்ஜிதோ என்றொரு தீவு இருந்தது. நறுமணச் செடிகளின் பெயரால் அமைந்த பெயர் அது. வேர்க்கடலை பயிராகும் நிலமாகவும் நகரத்தார் உலாவச் செல்லும் இடமாகவும் இருந்த அத்தீவில் 1978 முதல் மாநகரக் குப்பை கொட்டப்பட்டது. 1993-ல் அதை மூடியபோது, 15 ஆண்டுகளில் சேர்ந்த குப்பை 9 கோடிக் கன மீட்டருக்கு மேல்! சமதளமாக இருந்த தீவில் ஏறத்தாழ 100 மீட்டர் உயரமுள்ள இரு குன்றுகள் எழுந்து நின்றன. குப்பை பொறுக்கிப் பிழைத்த குடும்பங்கள் அக்குன்றுகளின் அடிவாரத்திலேயே குடியிருந்தன. மலையிலிருந்து கசிந்த கழிவுநீர் ஆற்றை நோக்கிச் சென்றது. உள்ளே அழுகிய பொருள்களிலிருந்து மீத்தேன் வாயு கிளம்பி அடிக்கடி தீப்பற்றியது. 1992-ல் இஞ்சோன் நகருக்கு அருகே, கடலோரச் சேற்று நிலத்தை மீட்ட பரப்பில், தலைநகர்ப் பகுதி முழுவதற்குமாகப் புதிய புதைகாடு திறக்கப்பட்டது. இன்னொன்று வேண்டுமென்றால் எங்கே போவது? எந்த ஊரும் தன் எல்லைக்குள் இடம் தரச் சம்மதிக்கவில்லை.

அதுவரை கொரியாவிலும் குப்பைக் கட்டணம் வீட்டின் பரப்பையோ சொத்து வரியையோ ஒட்டியே இருந்தது. 1994 ஏப்ரலில் 33 நகரங்களிலும் வட்டாரங்களிலும் வெள்ளோட்டம் பார்த்த பின், 1995 ஜனவரி 1 அன்று நாடு முழுவதும் ஒரே நாளில் புதிய முறை அமலாயிற்று. இவ்வளவு பெரிய அளவில் இத்தகைய மாற்றத்தை ஒரே வீச்சில் செய்த நாடு அதற்கு முன் இல்லை எனலாம்.

முறை எளிது. நகராட்சி பெயர் அச்சிட்ட பிளாஸ்டிக் பைகள் கடைகளில் விற்கப்படும். 5 லிட்டர், 10 லிட்டர், 20 லிட்டர் எனப் பல அளவுகள். பையின் விலையிலேயே அள்ளும் கூலியும் புதைக்கும் செலவில் ஒரு பகுதியும் அடங்கிவிடும். அந்தப் பையில் கட்டி வைத்த குப்பையை மட்டுமே ஊழியர்கள் எடுப்பார்கள். ஒரு வட்டாரத்துப் பை அடுத்த வட்டாரத்தில் செல்லாது. நாற்காலி, மெத்தை போன்ற பெரும் பொருள்களுக்குத் தனி ஒட்டுச்சீட்டு. பரம ஏழைக் குடும்பங்களுக்குப் பை இலவசம். இவற்றையெல்லாம் விட முக்கியமான விதி ஒன்று: காகிதம், புட்டி, தகரம், பிளாஸ்டிக் ஆகியவற்றைப் பிரித்து வைத்தால் அவற்றை எடுத்துச் செல்லக் கட்டணமே இல்லை. ஒரு கதவுக்குக் காசு. பக்கத்துக் கதவு இலவசம். மக்கள் எந்தக் கதவைத் தேடிச் செல்வர் என்று கூறத் தேவையில்லை.

1994-ல் ஆள் ஒன்றுக்கு நாளொன்றுக்கு 1.3 கிலோகிராம் என்றிருந்த வீட்டுக் குப்பை, திட்டம் தொடங்கிய பின் 1 கிலோகிராமை நெருங்கியது. பிரித்தெடுத்து மறுபயனுக்கு அனுப்பிய பங்கு 1994-ல் சுமார் 15 சதவீதம். பத்தாண்டுகளில் அது ஏறக்குறைய பாதியாயிற்று.

இங்கே ஓர் எச்சரிக்கை. கொரியாவின் குப்பை 1995-க்கு முன்பே வேகமாகக் குறையத் தொடங்கிவிட்டது. 1991-ல் ஆள் ஒன்றுக்கு 2 கிலோகிராமுக்கும் மேல் இருந்தது. பையும் இல்லை, கட்டணமும் இல்லை, எப்படிக் குறைந்தது? விடை மீண்டும் சாம்பல்தான். கொரிய வீடுகளில் குளிர்காலத்தில் தரைக்கு அடியே வெப்பக் காற்றைச் செலுத்தித் தரையையே சூடாக்குவர். அதற்குத் துளைகள் நிறைந்த, மூன்றரைக் கிலோ எடையுள்ள உருளை வடிவ நிலக்கரிக் கட்டிகளை எரித்தனர். எரிந்து முடிந்த கட்டி அதே வடிவில் வெளிறிய சாம்பலாக நிற்கும். அதை வாசலில் வைப்பார்கள். எண்ணெயும் எரிவாயுவும் வந்த பின் இந்தச் சாம்பல் மறைந்தது. டிக்கன்ஸ் காலத்து லண்டனில் பணமாக இருந்த பொருள், சியோலில் வெறும் பாரமாக இருந்து, பிறகு தானே ஒழிந்தது. ஆகவே 1991-க்கும் 1995-க்கும் இடைப்பட்ட முழுக் குறைவையும் பையின் வெற்றியாகக் காட்டும் புள்ளிவிவரங்களை நம்பலாகாது. சாம்பலை ஒதுக்கிப் பார்த்தாலும் ஒரு கணிசமான பகுதி பைக்கே உரியது என்பதும் உண்மையே.

திருட்டுக் குப்பை எதிர்பார்த்தபடியே வந்தது. இரவில் அயல் தெருவில் போடுவது, கொல்லையில் எரிப்பது, போலிப் பை அச்சிடுவது ஆகிய மூன்றும் நடந்தன. நகராட்சிகள் அபராதம் விதித்தன. துப்புக் கொடுப்பவருக்கு வெகுமதியும் அளித்தன. வெகுமதிக்காகவே கேமராவும் கையுமாக அலைபவர்கள் கிளம்பினர் என்பது வேறு கதை.

இசை வண்டி

இந்தத் திருட்டுக்கு வேறு விதமாகப் பூட்டுப் போட்ட நகரம் தைவானின் தலைநகரான தைப்பே. அங்கே 1990-களின் பிற்பகுதியில், குப்பை தரையைத் தொடக் கூடாது என்ற விதி வந்தது. தெரு முனைத் தொட்டிகள் அகற்றப்பட்டன. குறித்த நேரத்தில் வண்டி வரும். ‘எலீசுக்காக’ என்ற பேத்தோவனின் மெட்டையோ ‘கன்னியின் பிரார்த்தனை’ என்ற பியானோ மெட்டையோ ஒலிக்கும். மக்கள் பையோடு இறங்கி வந்து தம் கையாலேயே வண்டியில் போட வேண்டும். நம் ஊரில் ஐஸ் வண்டிக்காரரின் மணி ஓசைக்குக் குழந்தைகள் ஓடுவதைப் போல் அங்கே பெரியவர்கள் இசைக்கு ஓடுகிறார்கள்.

2000 ஜூலை 1 முதல் தைப்பேயும் பைக் கட்டணத்துக்கு மாறிற்று. அதுவரை குப்பைக் கட்டணம் தண்ணீர்க் கட்டணத்தோடு, நீர்ச் செலவுக்கு ஏற்ப, வசூலானது. அதிகம் குளிப்பவர் அதிகக் குப்பை போடுபவர் என்று கருதியது போலும்! ஊழியரும் அண்டை வீட்டாரும் பார்த்துக்கொண்டிருக்க, கையோடு கை மாறும் இடத்தில் வேறு பையைத் தருவது எளிதன்று. பத்தாண்டுகளில் நகரத்தின் வீட்டுக் குப்பை பாதிக்கும் கீழே இறங்கியது. ஆயினும் மாலை ஏழு மணிக்கு வேலையில் இருப்பவர், படி இறங்க இயலாத முதியவர் ஆகியோரின் பாடு இம்முறையில் திண்டாட்டம்தான் என்பதையும் குறிப்பிட வேண்டும். குப்பையின் செலவு அங்கே காசாக மட்டுமன்றி நேரமாகவும் கொடுக்கப்படுகிறது.

நூறு லிட்டர்ப் பை

கொரியாவுக்குத் திரும்புவோம். சியாட்டிலில் தொட்டியை மிதித்தவர்களைக் கண்டோம். கொரியாவிலும் கட்டணம் கொள்ளளவுக்கே. எனவே பையைத் திணித்து, வாய் மூடாமல் போனால் நாடாவால் ஒட்டி மேலும் உயர்த்துவது வழக்கமாயிற்று. 20 லிட்டர்ப் பையில் இது விளையாட்டு. கடைகளும் உணவகங்களும் வாங்கும் 100 லிட்டர்ப் பையில் அது விளையாட்டன்று. அளவுக்கு மீறித் திணித்த அத்தகைய பையை ஒரே ஆள், ஓர் இரவில் பல நூறு முறை, இடுப்பு உயரத்துக்கு மேலே தூக்கி லாரியில் எறிய வேண்டும். முதுகும் தோளும் என்ன ஆகும்? துப்புரவுத் தொழிலாளர்களின் காயங்களில் இப்படித் தூக்குவதால் ஏற்படுபவை கணிசமானவை என்று அறிந்த பின்னரே, 2020-ஐ ஒட்டிய ஆண்டுகளில் பல நகராட்சிகள் 100 லிட்டர்ப் பையை நிறுத்திவிட்டு 75 லிட்டர்ப் பைக்கு மாறின. திட்டம் தொடங்கிக் கால் நூற்றாண்டு ஆகியிருந்தது.

கட்டணத்தைப் பற்றிப் பேசும் நூல்கள் வீட்டுக்காரர் என்ன செய்வார், நகராட்சி எவ்வளவு மிச்சம் பிடிக்கும் என்று பக்கம் பக்கமாக ஆராய்கின்றன. மிதித்த பையைத் தூக்குபவர் அந்தக் கணக்கில் மிக அரிதாகவே வருகிறார். பாரிஸ் ஆணையில் கந்தல் பொறுக்குபவர் மறக்கப்பட்டது போலத்தான் இதுவும்.

எடைக்குக் கட்டணம் விதித்திருந்தால்? உணவுக் கழிவில் அதையும் செய்து பார்த்தனர். கொரிய உணவு மேசையில் சோற்றோடு பல சிறு கிண்ணங்களில் தொடுகறிகள் வைப்பது மரபு, மீதமும் அதற்கேற்ப. 2005 முதல் உணவுக் கழிவை நேரடியாகப் புதைப்பது தடை செய்யப்பட்டது. தனியே திரட்டிக் கால்நடைத் தீவனமாகவும் எருவாகவும் மாற்றினர். அப்போது பிழிந்தெடுத்த கழிவுநீர் கடலில் கொட்டப்பட்டு வந்தது. 2013-ல் அதுவும் நின்றது. அதே ஆண்டில் உணவுக் கழிவுக்கும் அளவுக் கட்டணம் நாடெங்கும் பரவிற்று. அடுக்கு மாடிக் குடியிருப்புகளில் எடை காட்டும் தொட்டிகள் வைக்கப்பட்டன. வீட்டுக்குரிய அட்டையைக் காட்டினால் மூடி திறக்கும். கழிவைப் போட்டதும் எத்தனை கிராம் என்று திரையில் எண் தோன்றும். மாதக் கடைசியில் பில் வரும்.

கறித்தோலிலும் மீந்த சோற்றிலும் பெரும்பகுதி நீர்தான். எடைக்குக் காசு என்றதும் மக்கள் முதலில் செய்தது, கழிவை வடிகட்டியில் போட்டு நீரை வடித்தது! கொள்ளளவை அளந்தால் மிதிக்கிறார்கள். எடையை அளந்தால் பிழிகிறார்கள். ஆனால் இந்த இரண்டாவது தந்திரம் தீங்கற்றது. ஏற்றிச் செல்லும் லாரிக்கும் எருவாக்கும் ஆலைக்கும் நீர் குறைந்த கழிவே ஏற்றது. வீட்டுக்காரரின் சிக்கனமும் ஊரின் நன்மையும் ஒரே திசையில் செல்லும்படி அளவுகோல் அமைந்துவிட்டது. கிராம் கணக்கை அன்றாடம் கண்ணால் காண்பதற்கும் ஒரு பலன் உண்டு. எவ்வளவு எறிகிறோம் என்பது அதுவரை யாருக்கும் தெரிந்ததில்லை. கொரியாவின் உணவுக் கழிவில் மிகப் பெரும்பங்கு இப்போது ஏதேனும் ஒரு பயனுக்குப் போகிறது. உப்பு மிகுந்த உணவாதலால் எருவின் தரம் பற்றி உழவர்கள் முகம் சுளிப்பது மட்டும் நின்றபாடில்லை.

இலவசக் கதவின் பின்னே

பிரித்துப் போட்டால் இலவசம் என்றோமே, பிரித்த பிளாஸ்டிக் எங்கே போயிற்று? பொருள்களைத் தயாரிப்பவரே மீட்புச் செலவில் பங்கேற்க வேண்டும் என்ற விதியைக் கொரியா 2003-ல் கொண்டுவந்தது. ஆயினும் திரட்டிய பிளாஸ்டிக் விற்பனையாவதற்கு அயல்நாட்டுச் சந்தையும், குறிப்பாகச் சீனாவும், தேவைப்பட்டது. 2018-ன் தொடக்கத்தில் சீனா வெளிநாட்டுக் கழிவு பிளாஸ்டிக்கை வாங்க மறுத்தது. விலை விழுந்தது. அந்த ஏப்ரலில் சியோல் பகுதியின் பல அடுக்கு மாடிக் குடியிருப்புகளில் பிளாஸ்டிக்கை எடுக்க வேண்டிய தனியார் வரவில்லை. முற்றங்களில் குவியல்கள் உயர்ந்தன. ஏறக்குறைய அதே காலத்தில் யுயிசோங் என்ற கிராமப்புற மாவட்டத்தில் மறுபயன் என்ற பெயரால் சேர்த்து வைத்த ஒன்றரை லட்சம் டன்னுக்கு மேற்பட்ட கழிவு மலை ஒன்று வெளிச்சத்துக்கு வந்தது. அது புகைந்துகொண்டிருந்தது. பொதுப் பணத்தைச் செலவிட்டு அதனை அகற்றி முடிக்க 2021 வரை ஆயிற்று.

இலவசக் கதவின் வழியே போன பொருளுக்கும் ஒரு செலவு இருந்தது. அதை வாங்குவோர் இருந்தவரை அது கண்ணில் படவில்லை என்பதே வேறுபாடு. லண்டன் சாம்பல் ஒப்பந்தக்காரர்கள் கண்ட அதே சரிவை நவீன கொரியாவும் கண்டது.

நான்ஜிதோ குன்றுகளை மண்ணால் மூடி, கழிவுநீர் வெளியேறாமல் சுற்றிலும் சுவர் இறக்கி, மீத்தேனைக் குழாய்களால் உறிஞ்சி எடுத்தனர். 2002-ல் உலகக் கோப்பைக் கால்பந்துப் போட்டியையொட்டி அங்கே பூங்கா திறக்கப்பட்டது. குன்றின் உச்சியில் நாணல் போன்ற வெண்ணிறப் புல் காற்றில் அசைய, இலையுதிர் காலத்தில் மக்கள் கூட்டம் கூட்டமாகப் படியேறிச் செல்கின்றனர். அடியில் கிடக்கும் குப்பையிலிருந்து கிடைத்த வாயு அக்கம்பக்கக் கட்டடங்களுக்கு வெப்பம் அளித்தது.

இஞ்சோன் அருகிலுள்ள புதைகாடும் நிறைந்து வருகிறது. தலைநகர்ப் பகுதியில் 2026 முதல் குப்பைப் பையை அப்படியே புதைக்கக் கூடாது, எரித்த பின் மிஞ்சும் சாம்பலையே புதைக்கலாம் என்று 2021-ல் விதி வகுக்கப்பட்டது. எரிப்பதற்கு உலை வேண்டும். சியோல் மாநகராட்சி 2023-ல் அதற்குத் தேர்ந்தெடுத்த இடம், மாப்போ வட்டாரத்தில் நான்ஜிதோ குன்றுகளை அடுத்த பகுதி. ஏற்கெனவே ஓர் எரியுலை அங்கே இருக்கிறது. பதினைந்து ஆண்டுகள் ஊர்க் குப்பை முழுவதையும் தாங்கிய எங்களுக்கே மறுபடியுமா என்று குடியிருப்போர் வழக்குத் தொடுத்தனர். 2025 ஜனவரியில் நீதிமன்றம் அவர்கள் பக்கம் தீர்ப்பளித்து, மாநகராட்சியின் முடிவை ரத்துச் செய்தது.